கிளப்பை மாற்றாதீர்கள், காற்றைக் கணக்குப் போடுங்கள்

எங்கள் மேலப்பாளையத்தில் செல்போனில் 'கோல்ஃப் க்ளாஷ்' ஆடித் தோற்கிற பையன்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். "அவன்ட்ட பெரிய கிளப் இருக்கு மாமா, எங்கிட்ட இல்ல." கிளப் என்றால் பந்தை அடிக்கும் மட்டை. இந்தக் காரணத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. முக்கால்வாசி ஆட்டங்களில் இவர்களைத் தோற்கடிப்பது காற்றுதான்.

ஒவ்வொரு அடிக்கு முன்னும் காற்றின் திசையும் வேகமும் திரையில் தெரிகின்றன. பந்து விழ வேண்டிய இடத்தில் வளையங்கள் தெரியும். ஒரு வளையம் எத்தனை மைல் காற்றுக்குச் சமம் என்பது கிளப்பின் துல்லியத்தைப் பொறுத்து மாறும். கையிலுள்ள கிளப்புக்கு ஒரு வளையம் மணிக்கு 2 மைல் வேகக் காற்று என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து 8 மைல் காற்றடித்தால் குறியை இடப்பக்கமாக 4 வளையம் நகர்த்த வேண்டும். சின்ன வகுப்பு வகுத்தல்தான். அதே கிளப்பில் தூரத்தைக் குறைத்து அடித்தால் காற்றின் இழுப்பும் குறையும். அதற்கேற்ப வளையத்தையும் குறைக்க வேண்டும். இதை எழுதிவைத்துப் பழகுகிறவர்கள் குறைவு.

காற்றைப் பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து இறங்கும் காற்றை நம்பித்தான் கயத்தாறில் காற்றாலைகள் நிற்கின்றன. திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள், சுளகிலுள்ள தூள் பறக்காதபடி எந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார வேண்டும் என்று யோசிப்பதே இல்லை. அந்த வீட்டுப் பையன்தான் திரையிலுள்ள அம்புக்குறியைப் பார்க்காமல் அடிக்கிறான்.

இவர்கள் செய்யும் இன்னொரு தவறு, முதல் அடியிலேயே முழு பலத்தையும் காட்டுவது. குழியிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். கடைசி அடியை எங்கிருந்து அடித்தால் வசதி, அங்கே போக அதற்கு முந்தைய பந்து எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். நீள அடி அடித்து மணலில் மாட்டுவதைவிட, இருபது கஜம் முன்னாலேயே புல்தரையில் நிறுத்துவது மேல்.

இறக்கிக்கொள்ள இலவசமான இந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தை 2021-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 140 கோடி டாலருக்கு வாங்கியது. கிளப் அடங்கிய பெட்டிகளைப் பெட்டி பெட்டியாகவும், பந்துகளைப் பந்து பந்தாகவும் விளையாட்டுக்குள்ளேயே விற்றுச் சேர்ந்த மதிப்பு அது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத் தடுக்கிறது. ஆனால் இதுபோலப் பெட்டி வாங்கும் செலவைக் கட்டுப்படுத்த வேண்டியது வீடுதான்.

பெட்டி வாங்கக் காசு கேட்டு மகன் வந்தால், "கடைசி அடிக்கு எத்தனை வளையம் தள்ளினே, ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியும் வரை காசு கொடுக்காதீர்கள்.