மரணப் படுக்கையிலும் வர்க்கம் உண்டு

கொல்கத்தா என்றதும் மேற்கத்திய ஊடகங்கள் பல பத்தாண்டுகளாக ஒரே காட்சியைத்தான் காட்டி வந்தன: தெருவோரத்தில் சாகும் ஏழை, அவரது தலையைத் தாங்கிப் பிடிக்கும் கன்னியாஸ்திரீ. காளி கோயிலை ஒட்டி மாநகராட்சி வழங்கிய யாத்ரிகர் விடுதியில், 1952இல் அன்னை தெரசா தொடங்கிய ‘நிர்மல் ஹிருதய்’ இல்லம் அந்தக் காட்சியின் மேடையானது. 1979இல் நோபல் பரிசு வந்தது. 2016இல் புனிதர் பட்டமும் வந்தது. அந்த ஏழை ஏன் தெருவில் சாக நேர்ந்தது என்ற கேள்வி மட்டும் எழவேயில்லை.

விடை வரலாற்றில் இருக்கிறது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேரைக் கொன்றது. கஞ்சி தேடி வந்த கிராமத்து மக்கள் இந்நகரத்தின் நடைபாதைகளில் விழுந்து மடிந்தனர். 1947 பிரிவினை லட்சக்கணக்கான அகதிகளைச் சியால்தா ரயில் நிலையத்துக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் துரத்தியது. காலனியமும் நிலவுடைமையும் பதுக்கல் வணிகமும் விளைவித்த சாவுகளை விதியின் கணக்கிலும், அவற்றுக்கான ஆறுதலை அருளின் கணக்கிலும் எழுதிக்கொள்வது ஆளும் வர்க்கத்துக்கு வசதியாக இருந்தது.

1994இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் அன்றைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், காளிகாட் இல்லத்தைப் பார்த்துவிட்டு, கடும் வலியைத் தணிக்கும் வலுவான மருந்துகள் அங்கு இல்லை என்று எழுதினார். விமர்சகர்கள் இதை ஒரு தனிநபரின் குற்றமாகச் சுருக்கினர். பக்தர்கள் அவதூறு என்று கொதித்தனர். இரு தரப்பினரும் அரசைத் தப்பவிட்டனர். 1985இல் கொண்டுவரப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின், பன்னிரண்டே ஆண்டுகளில் இந்தியாவில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் வீழ்ந்தது. அடுக்கடுக்கான உரிமங்கள், கடும் தண்டனை பற்றிய அச்சம் ஆகியவற்றால் மருத்துவமனைகள் அந்த மருந்தைக் கைவிட்டன. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வலியில் துடித்துச் செத்த புற்றுநோயாளிகளுக்கு எந்தப் புனிதரும் பொறுப்பல்ல, நாடாளுமன்றமே பொறுப்பு.

இதிலுள்ள முரண் கசப்பானது. பீகாரிலும் காசிப்பூரிலும் விவசாயிகளை வற்புறுத்தி விளைவித்த அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏலம் விட்டது இதே கல்கத்தாவில்தான். இங்கிருந்து கப்பலேறிய பெட்டிகளின் பின்னால்தான் சீனத்தின் மீது போர் தொடுக்கப்பட்டது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் தொழிற்சாலைகள் இன்றும் இயங்குகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கான அபினை இந்தியா ஏற்றுமதி செய்கிறது. மார்ஃபினின் மூலப்பொருளை உலகுக்கு விற்கும் நாட்டில், மார்ஃபின் கிடைக்காமல் ஏழை அலறுகிறார். 2017இல் வெளியான லான்செட் ஆணையத்தின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் வழங்கப்படும் சுமார் 298.5 டன் மார்ஃபின் வகை மருந்துகளில், மிக வறிய நாடுகளைச் சென்றடைவது வெறும் 0.1 டன். வலியும் ஏகாதிபத்திய விதிப்படியே பங்கிடப்படுகிறது.

அருளுக்கு மாற்றாகச் சந்தை முன்வைப்பது தீவிர சிகிச்சைப் பிரிவை. மீள முடியாத நோயாளியைக் குழாய்களால் கட்டிப்போட்டு, குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் கரைத்த பின்பே மருத்துவ வணிகம் அவரை விடுவிக்கிறது. கட்டண பாக்கிக்காக இறந்தவரின் உடலைத் தர மறுக்கக் கூடாது என்று மேற்கு வங்கம் 2017இல் சட்டம் எழுத வேண்டியிருந்தது. பிணத்தையும் பிணையாகப் பிடித்து வைக்கும் ஒரு தொழிலின் தன்மைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஆலன் கெல்லஹியர் அதைக் கோட்பாடாக வகுத்தார். ‘கருணை நகரங்கள்’ என்ற அவரது நூல் 2005இல் வெளிவந்தது. மரணத்தை நெருங்கியவர் தன் நேரத்தில் சுமார் 95 சதவீதத்தை மருத்துவரோ செவிலியரோ அருகில் இல்லாமலே கழிக்கிறார் என்று அவர் சுட்டிக்காட்டினார். எனவே சாவதும், சாகிறவரைப் பேணுவதும், இழப்பைத் தாங்குவதும் சமூகப் பிரச்சினைகள்; மருத்துவம் அவற்றின் ஒரு பகுதி மட்டுமே. தெருவும் பள்ளியும் ஆலையும் தொழிற்சங்கமும் உள்ளாட்சியும் இதில் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

இதை நடைமுறையில் காட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் உள்ளிட்டோர் தொடங்கிய பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிப்புப் பராமரிப்பு, சில ஆண்டுகளில் மலப்புரத்தின் கிராமங்களில் மக்கள் இயக்கமாகப் பரவியது. சாதாரண மக்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். சிறுசிறு தொகையாக நிதி திரட்டினர். 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. ஊராட்சி நிதியும் செவிலியரும் நோயாளியின் வீட்டு வாசலை எட்டின. மரணத்தின் தரம் குறித்து 2010இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், 40 நாடுகளில் இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. அதே அறிக்கை கேரளத்தை மட்டும் தனித்துப் பாராட்டியது.

மேற்கு வங்கத்தில் 1978க்குப் பின் உயிர்பெற்ற ஊராட்சிகள், குத்தகை விவசாயியின் உரிமையைப் பதிவு செய்யத் துணை நின்றன. அதே விவசாயி படுத்த படுக்கையாகும்போது அவரைப் பேணும் கடமையும் அத்தகைய அமைப்புகளுக்கு உண்டு. கேரளம் காட்டிய பாதையில் வங்கம் நடக்க வேண்டிய தூரம் இன்னும் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ‘சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்ற சொல்லை நவதாராளவாத அரசுகள் விரும்பி ஏற்கின்றன. அவர்களது அகராதியில் சமூகம் என்றால் கூலியின்றி உழைக்கும் மகள், மருமகள், மனைவி; அதற்கும் மேல், ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் சொற்ப ஊக்கத்தொகைக்கு உழைக்கும் ஆஷா தொழிலாளி. 2012இல் ஒன்றிய அரசு வகுத்த தேசிய வலி தணிப்புப் பராமரிப்புத் திட்டத்துக்குத் தனி நிதி ஒதுக்கீடே இல்லை. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தப் பராமரிப்பை வீட்டுக்குக் கொண்டுவருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதைச் சுமக்கும் பெண்கள் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். பொது நிதியிலிருந்து விடுபட்ட கருணை, பெண்களின் மீதான சுரண்டலாகவே முடியும்.

துயரத்துக்கும் வர்க்கம் உண்டு. குடும்பத்தைக் காத்தவர் இறந்தால், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குத் தேசியக் குடும்ப நலத் திட்டம் ஒரே ஒரு முறை தருவது 20,000 ரூபாய். 40 முதல் 79 வயது வரையிலான கைம்பெண்களின் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தனியார் துறைத் தொழிலாளிக்குத் துயர விடுப்பு சட்டப்பூர்வ உரிமையாக இல்லை. தாயை எரித்த மறுநாள் வேலைக்கு வராத ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காத்திருப்பது சம்பள வெட்டு. முதலாளித்துவம் அழுவதற்குக்கூட நேரம் தருவதில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் மார்ஃபினும் இருக்க வேண்டும். வலி தணிப்புப் பராமரிப்புக்கு ஒன்றிய, மாநில நிதிநிலை அறிக்கைகளில் தனி ஒதுக்கீடு வேண்டும். ஆஷா உள்ளிட்ட பராமரிப்புப் பெண்களுக்குத் தொழிலாளர் தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும் வேண்டும். அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய துயர விடுப்பும், கைம்பெண்கள் வாழப் போதுமான ஓய்வூதியமும் சட்டமாக வேண்டும். கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் தங்கள் பகுதியில் படுக்கையில் கிடப்பவர்களைக் கணக்கெடுத்து, அவர்களது வீட்டுக் கதவைத் தட்டுவதிலிருந்து இந்தப் போராட்டத்தைத் தொடங்கலாம்.

கூலிக்கும் நிலத்துக்கும் வீட்டுக்கும் போராடும் இயக்கம், உழைத்துத் தேய்ந்த உடலின் கடைசி நாட்களை மடங்களிடமும் மருத்துவ முதலாளிகளிடமும் ஒப்படைத்துவிட முடியாது. வலியின்றி, தனிமையின்றி, கடனின்றி இறப்பது யாரும் போடும் பிச்சையல்ல. அது உழைக்கும் மக்களின் உரிமை.