வேலிக் கீச்சானும் கம்பிக் கூட்டமும்





பெரும்போக விதைப்புக்கு வட்டைகளில் உழவு ஓடுகிற நாள்களில், மாரி பிடிக்கும் முன்னமே, மாவடிப்பள்ளிக்கு விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்த பழுப்புக் கீச்சான் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்து நம் வளவு வேலியில் குந்துகிறது. தவிட்டு நிற முதுகு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, நுனி வளைந்த சொண்டு. எப்போதும் தனியாகவே இருக்கும். ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டால் ஏப்ரல் வரை அது அதன் ஆட்சி. இன்னொரு கீச்சான் எட்டிப் பார்த்தால் கரகரத்த குரலில் சண்டைக்குப் போகும். போன மாரியில் இருந்த இடத்துக்கே அடுத்த மாரியிலும் திரும்பி வருவதுண்டு.

பாடும் பறவைகளின் வரிசையைச் சேர்ந்ததுதான் இது. ஆனாலும் வேட்டைக்காரன். வெட்டுக்கிளி, ஓணான் குஞ்சு என்று நிலத்தைப் பார்த்தபடி இருந்து, சட்டென்று விழுந்து பிடிக்கும். பருந்துக்கு உள்ள கால்பிடி இதற்கு இல்லை. அதனால் இரையை முள்ளில் குத்திவைத்துச் சொண்டால் கிழித்துத் தின்பது கீச்சான் இனத்தின் வழக்கம்.

நம் ஊர் மக்களுக்கு இந்தப் பறவையோடு இன்னோர் உறவும் உண்டு. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் (கொண்டலாத்தி), ஸுரத் ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. எறும்பையும் தேனீயையும் எல்லோருக்கும் தெரியும். ஹுத்ஹுதை ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஸுரத்தைக் கேட்டால்தான் பெரியவர்களும் விழிக்கிறார்கள். அது கீச்சான். பாடசாலை விடுமுறையில் கெட்டபோலோடு வேலி வேலியாக அலையும் பிள்ளைகளுக்கு இதை வாப்பாவும் உம்மாவும் எடுத்துச் சொல்ல வேண்டும். பறவைகளைக் காக்கச் சட்டம் 1937 முதலே இருக்கிறது. அதைவிட வீட்டில் சொல்லும் இந்த ஒரு ஹதீஸ் பிள்ளையின் கையை நிறுத்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, காரைதீவிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் போகும் வழியில் உள்ள நம் தாம்போதிக்கு வாருங்கள். 2024 நவம்பர் வெள்ளம் மத்ரசா மாணவர்களை நம்மிடமிருந்து பறித்த இடம் அது. அவர்களுக்காகத் துஆ செய்யாமல் அதைக் கடக்க முடிவதில்லை. இரு புறமும் வயல், மேலே மின்கம்பி. மாலையில் அந்தக் கம்பியை நிதானமாகப் பார்த்தால் கலந்து இருப்பவர்கள் தெரிவார்கள். நீலம் ஓடிய கறுப்பு முதுகு, செந்நிறத் தொண்டை, கம்பி போல நீண்ட இரட்டை வால் என்றால் அது தகைவிலான், குளிர்நாட்டிலிருந்து வந்தது. வயிறெல்லாம் செங்காவி என்றால் இலங்கைத் தகைவிலான். 1849இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் விவரித்த இது நம் தீவுக்கே உரியது. பாலத்துக்குக் கீழும் மதகுக்குள்ளும் சேற்றை உருண்டை உருண்டையாக ஒட்டிப் போத்தல் வடிவில் கூடு கட்டும். கம்பியில் அமராமல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பது உழவாரன். பார்வைக்குத் தகைவிலானின் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். இனத்தால் அதற்கு நெருங்கிய சொந்தம் அமெரிக்காவின் ஓசனிச்சிட்டு.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. தகைவிலானும் கீச்சானும் கலந்தாற்போல் இருக்கும், இரண்டிலும் சேராதது. மரத் தகைவிலான் என்று அதைச் சொல்லலாம். சாம்பல் உடல், கட்டையான வால், நீலச் சாம்பல் நிறத்தில் தடித்த சொண்டு. தென்னையின் பட்டுப்போன ஓலையிலோ கம்பியிலோ நாலைந்து சேர்ந்து தோளோடு தோள் ஒட்டி அமரும்; ஒன்றின் இறகை மற்றொன்று கோதிவிடும். அகன்ற இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு மிதக்கும், பூச்சியைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும், பழைய இடத்துக்கே திரும்பி வரும். இதன் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோர் ஆஸ்திரேலியா, நியூகினிப் பக்கம் வாழ்கிறார்கள். இலங்கைக்கு வாய்த்தது இந்த ஒரே இனம்தான்.

தோற்றத்தை வைத்து உறவு சொல்வது அறிஞர்களையே தடுமாற வைத்தது. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், 1758இல் உழவாரனைத் தகைவிலானோடு சேர்த்தார். நம் வளவுகளில் திரியும் வெள்ளை வயிற்றுக் கரிச்சானைக் கீச்சான் கூட்டத்தில் வைத்தார். பறந்துகொண்டே பூச்சி பிடிக்கிற வாழ்க்கை, தொடர்பில்லாத பறவைகளுக்கும் ஒரே மாதிரி நீண்ட இறக்கையைக் கொடுத்துவிட்டது; அவரால் அந்நாளில் அதைத் தாண்டிப் பார்க்க வழியில்லை.

வேளாண்மையில் அறக்கொட்டியான் கண்டதும் மருந்துக்கு ஓடும் நம் விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். வயலுக்கு மேல் காலை முதல் மாலை வரை பூச்சி பிடிப்பவை இந்தப் பறவைகளே. மருந்து தேவைதானா, எவ்வளவு தேவை என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபின் அடியுங்கள். பூச்சி அத்தனையையும் கொன்றுவிட்டால் இந்தப் பறவைகள் எதைத் தின்னும்?

பிள்ளைகளே, உங்கள் வேலியில் இந்த மாரியின் முதல் கீச்சானைக் கண்ட திகதி, இடம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். படம் வரைந்தால் இன்னும் நல்லது. தை மாத இதழில் இரண்டு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்