புகையும் தலைவிதியா?

தலையெழுத்து என்றொரு சொல் நம் நாட்டில் நெடுங்காலம் கோலோச்சியது. குழந்தை காய்ச்சலில் மாண்டால் தலையெழுத்து! கழனியிலே உழைத்தவன் கஞ்சிக்கு அலைந்தால் தலையெழுத்து! கணவனை இழந்தவள் இருட்டறையில் முடங்கினால் அதுவும் தலையெழுத்து! ஏன் என்று கேட்கத் துணிந்தவர்கள் தோன்றிய பிறகே, காய்ச்சலுக்குக் கிருமி காரணம், கஞ்சியின்மைக்குச் சுரண்டல் காரணம், இருட்டறைக்குச் சமுதாயக் கட்டு காரணம் என்பது விளங்கிற்று. காரணம் விளங்கியதும் மருந்து பிறந்தது, சட்டம் பிறந்தது.

அந்தச் சொல் அத்துடன் ஒழிந்ததா? இல்லை, தோழர்களே! உடை மாற்றி, உயர்ந்த மேடையேறி, புள்ளிவிவரப் புத்தகத்தைக் கையிலேந்தி மீண்டும் வந்து நிற்கிறது. இன்று அதன் பெயர் ‘வளர்ச்சியின் விலை’.

“ஆசிய நாடுகள் இப்போதுதான் தொழில் துறையில் தலைதூக்குகின்றன. ஆலை எழுந்தால் புகையும் எழத்தான் செய்யும். முதலில் செல்வம் சேரட்டும், பிறகு காற்றைத் தூய்மை செய்யலாம். மேல்நாட்டார் அப்படித்தானே வளர்ந்தனர்!” என்கின்றனர், கற்றறிந்தோர், கருவூலம் காப்போர், ஆலை உடையோர் அனைவரும். இம்மையில் துன்பத்தைப் பொறுத்துக்கொள், மறுமையில் இன்பம் கிட்டும் என்று அன்று ஏழைக்கு உரைத்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அன்று வானுலகைக் காட்டினர்; இன்று வருங்காலத்தைக் காட்டுகின்றனர். அன்றும் இன்றும் காத்துக் கிடக்க வேண்டியவன் ஏழையே!

இந்த வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்தி விசாரிப்போம்.

மேல்நாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். செல்வம் சேர்ந்தால் காற்று தானே தூய்மையாகும் என்பது உண்மையானால், நூறாண்டுக்கு மேல் உலகச் செல்வத்தின் தலைநகராய் விளங்கிய லண்டன் மாநகரம் மூச்சுத் திணறியிருக்கலாமா? 1952 டிசம்பரில் ஐந்தே நாட்கள், கரிப்புகையும் மூடுபனியும் கலந்து அந்நகரை மூடிற்று. மாண்டவர் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டனர். பின்னாளில் ஆராய்ந்தோர் 12,000 வரை இருக்கலாம் என்றனர். செல்வம் சேர்ந்து நூறாண்டாகியும் வராத தூய்மைச் சட்டம், பிணங்கள் குவிந்த பிறகு, 1956இல் வந்தது. செல்வம் கொண்டுவந்த சட்டமா அது? சீற்றம் கொண்டுவந்த சட்டம்!

அடுத்து, ஆசியாவிலே முதன்முதல் தொழில் வல்லரசாக உயர்ந்த ஜப்பானைப் பாருங்கள். இசே வளைகுடாவின் கரையில் யோக்கைச்சி என்றோர் ஊர். போரிலே குண்டுவீச்சுக்கு இரையான கடற்படை எண்ணெய்க் கிடங்கு இருந்த நிலத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வேதிப்பொருள் ஆலை, மின்நிலையம் என ஒன்றோடொன்று பின்னிய பெருந்தொகுதி எழுந்து 1959இல் இயங்கத் தொடங்கிற்று. தோற்ற நாடு எழுந்து நிற்பதன் சின்னம் என்று போற்றினர்.

அங்கே எரித்த எண்ணெயில் கந்தகம் மிகுதி. எரிந்த கந்தகம், கந்தக டை ஆக்சைடு என்னும் நச்சுக் காற்றாகிப் பக்கத்திலிருந்த இசோசு என்ற மீனவர் குப்பத்தின் மீது கவிழ்ந்தது. கழிவு கலந்த கடலிலே பிடித்த மீனில் எண்ணெய் நாற்றம் வீசவே, தோக்கியோ சந்தை அதை ஏற்க மறுத்தது. முதலில் பிழைப்புப் போயிற்று. பின்னர் மூச்சே போகத் தொடங்கிற்று! முதியோரும் சிறுவரும் இரவெல்லாம் இரைந்தனர். ‘யோக்கைச்சி ஆஸ்துமா’ என்று நோய்க்கு ஊரின் பெயரையே இட்டனர்.

ஆலைகள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? புகைபோக்கிகளை மேலும் உயர்த்தின! குப்பத்தின் தலையில் விழுந்த புகை, தொலைவிலுள்ள தெருக்களின் தலையில் விழுந்தது. நஞ்சின் அளவு குறையவில்லை, நஞ்சு சேரும் முகவரிதான் மாறிற்று. அரசோ, 1967இல் மாசுத் தடுப்புக்கென ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றிற்று. அதிலும் ஒரு வாசகத்தை நுழைத்தனர்: மக்களின் வாழ்க்கைச் சூழலைக் காப்பது பொருளாதார வளர்ச்சியுடன் இயைந்ததாக இருத்தல் வேண்டுமாம்! குழந்தையின் நுரையீரல், நிறுவனத்தின் வரவுசெலவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

அந்த 1967ஆம் ஆண்டின் செப்டம்பர் திங்களில், இசோசு மக்கள் ஒன்பது பேர், ஆறு பெரும் நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தனர். ஆறு ஆலைகளின் புகையும் வானில் கலந்துவிட்டது. இன்ன ஆலையின் புகைதான் இன்னார் நெஞ்சைக் கெடுத்தது என்று எவரால் பிரித்துக் காட்ட முடியும்? இந்த இடுக்கில் நுழைந்து தப்பிவிடலாம் என்றல்லவா இத்தகைய ஆலைகள் எங்கும் எண்ணுகின்றன! 1972 ஜூலை 24இல் தீர்ப்பு வந்தது. ஊர் ஊராக நோயாளரை எண்ணி, காற்றின் நச்சோடு ஒப்பிட்டு மருத்துவ ஆய்வாளர் காட்டிய கணக்கே போதிய சான்று. ஆறு நிறுவனங்களும் கூட்டாகப் பொறுப்பேற்று இழப்பீடு தருக என்றது நீதிமன்றம். வழக்குத் தொடுத்த ஒன்பதின்மருள் இருவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

மக்கள் குரல் நீதிமன்றத்திலும் வீதியிலும் ஒலித்ததால், 1970இல் ஜப்பானிய நாடாளுமன்றம் அந்த ‘இயைபு’ வாசகத்தை வெட்டி எறிந்தது. 1973இல் புகையால் நோயுற்றோருக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது. அதற்கான பணம் புகை விடுவோரிடமிருந்தே வாங்கப்பட்டது. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவிகளை ஆலைகள் பொருத்தின. ஜப்பான் கெட்டதா? ஆலைகள் பூட்டிக் கிடந்தனவா? அதற்குப் பின்னரன்றோ ஜப்பானியக் காரும் கருவியும் உலகச் சந்தையை ஆண்டன!

இனிச் சீனத்தைக் காண்போம். அங்கே ஹுவாய் என்றோர் ஆறு. 1950களில் அரசு ஒரு விதி செய்தது: ஆற்றுக்கு வடக்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க நிலக்கரிக் கொதிகலன்கள் உண்டு, தெற்கே இல்லை. நன்மை கருதிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் கரிப்புகை வடக்கை மூடிற்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வடபுற மக்களின் ஆயுள் ஐந்தாண்டுக்கு மேல் குறைந்திருக்கிறது என்றது. 2017இல் புதிய கணக்குகளைக் கொண்டு அவ்விழப்பை மூன்றாண்டு என மதிப்பிட்டனர். மூன்றென்றே கொள்வோம். ஒருவனுடைய ஆயுளில் மூன்றாண்டைப் பறித்தது எந்தப் பிரம்மன்? வரைபடத்தில் ஓர் அதிகாரி இழுத்த கோடு!

மனிதன் எழுதியதை மனிதனால் அழிக்கவும் முடியும். 2013 ஜனவரியில் பீகிங் நகரம் பகலிலே இருண்டது. அவ்வாண்டே அரசு செயல் திட்டம் வகுத்தது. 2013க்கும் 2020க்கும் இடையே சீனக் காற்றின் நுண்துகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்தது. நாட்டின் பொருளாதாரமோ வளர்ந்துகொண்டே இருந்தது. ‘முதலில் வளம், பிறகு நலம்’ என்னும் வாதத்துக்கு இதைவிடப் பலத்த அடி வேண்டுமா?

எனினும் சீனத்துக்குப் பூச்சொரிய நாம் வரவில்லை. 2015இல் சாய் ஜிங் என்னும் பெண் பத்திரிகையாளர் புகையைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளியிட்டார், கோடிக்கணக்கானோர் கண்டனர், சில நாட்களிலேயே அது அந்நாட்டு இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. 2017 குளிர்காலத்தில் கரியடுப்பைத் தடைசெய்தனர். எரிவாயு வந்து சேராத சிற்றூர்கள் பனியில் நடுங்கின. காற்றைத் தூய்மைப்படுத்தும் பணியிலும் ஏழையைக் கேளாமல் செய்தால், சுமை ஏழையின் முதுகில்தான் ஏறும்.

இந்தியத் துணைக்கண்டத்தில் நிலைமை என்ன? நிலக்கரி மின்நிலையங்கள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு 2017. கெடு நீண்டது, மீண்டும் நீண்டது, மீண்டும் மீண்டும் நீண்டது! 2025 ஜூலையில், நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கே அளித்துவிட்டனர். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது வாதம். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எரிக்கும் கரி மலை மலையாயிற்றே! கந்தக டை ஆக்சைடை வெளியிடுவதில் இந்தியா சீனத்தையும் முந்துகிறது என்று 2017இல் செயற்கைக்கோள் ஆய்வொன்று காட்டியதே! அந்த வாயு காற்றிலேயே சல்பேட்டு நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கல் தொலைவு பறந்து மனிதர் நெஞ்சில் குடியேறுகிறதே! ஜப்பான் அரை நூற்றாண்டுக்கு முன் கற்ற பாடத்தை, நாம் படித்த பிறகும் கிழித்தெறிகிறோம்.

தில்லியில் குளிர்காலம் வந்ததும் நிலத்தையொட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் நிற்க, மூடி போட்ட பானைபோல் நகரம் ஆகிவிடுகிறது. பானைக்குள் புகையை இட்டது யார்? ஊர்தி, ஆலை, செங்கற்சூளை, மின்நிலையம், குப்பை நெருப்பு எல்லாம் சேர்ந்து இட்டவை. விரல் மட்டும் நீளுவது வைக்கோல் தாளைக் கொளுத்தும் பஞ்சாப் உழவனை நோக்கி! அவன் கொளுத்துவது சில வாரங்கள். தில்லி திணறுவதோ தை, மாசி வரை. அவன் ஏன் கொளுத்துகிறான்? நிலத்தடி நீரைக் காக்க, நெல் நடவைத் தள்ளிப்போட வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது. அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க எஞ்சியது இரண்டு மூன்று வாரம். தாளை அகற்ற ஆளும் கருவியும் கொடாது அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியா?

காரணத்தைத் தொட அஞ்சுவோர் சடங்குகளை நாடுவர். 2021இல் தில்லியின் நடுவே, காற்றை உறிஞ்சி வடிகட்டப் பல கோடி ரூபாயில் ஒரு கோபுரம் எழுப்பினர்; மாநகரின் காற்றை ஒரு கோபுரமா வடிகட்டும்? 2025 அக்டோபரில் மேகத்திலே உப்புத் தூவி மழை பெய்விக்க வானூர்தி ஏவினர். சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. கழுதைக்குக் கல்யாணம் செய்து மழையை அழைத்தவரைக் கண்டு நகைத்தோம். வானூர்தியும் வடிகட்டியும் அறிவியலின் பிள்ளைகள்தாம். ஆயினும் புகையின் ஊற்றுக்கண்ணை அடைக்காமல் அவற்றை ஏவினால், அவையும் சடங்காகவே முடியும்!

இதில் உயிர் எவ்வளவு போகிறது? தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள் நுரையீரலின் கடைசி அறைவரை சென்று குருதியில் கலக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் தருகிறது. புறக்காற்றின் மாசு புற்றுநோய்க் காரணி என்று 2013இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வமைப்பு அறிவித்துவிட்டது. கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் கூடாது என்று 2021இல் அந்நிறுவனம் கூறிற்று. 2009இல் இந்தியா வகுத்த அளவோ 40! வீட்டுப் புகையும் வெளிப்புகையும் சேர்ந்து உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் பேரை முன்கூட்டியே கொல்கின்றன என்பது அதன் மதிப்பீடு. விறகடுப்பின் முன் கண்ணீர் வடிக்கும் தாய்மாரும் இக்கணக்கில் அடங்குவர். ஆலைப் புகைக்கு ஆய்வு நடத்தும் உலகம், அடுப்புப் புகையைப் பெண்ணின் கடமை என்றல்லவா இத்தனை காலம் விட்டுவைத்தது!

காற்று எல்லார்க்கும் பொது என்பர். பொய்! கதவடைத்த மாளிகையில் கருவி வடித்த காற்று. சாலையில் வண்டி தள்ளுவோனுக்கும், சூளையில் கல் சுமப்பவளுக்கும் கரிக்காற்று. மூச்சிலும் மேல்கீழ் வகுத்துவிட்டார்கள்! இசோசுவைத் தேடி ஜப்பான் செல்லவும் வேண்டா. சென்னைக்கு வடக்கே எண்ணூர் செல்லுங்கள்; அனல்மின் நிலையங்களும் பேராலைகளும் சூழ, நடுவே மீனவர் குப்பங்கள் நிற்பதைக் காண்பீர்கள். ஆலைக்கு இடம் தேடுவோரின் கண்ணுக்கு ஏன் எப்போதும் ஏழையின் ஊரே தென்படுகிறது?

ஆலை வேண்டாம் என்பவர் அல்லர் நாம். இராட்டைக்கும் கட்டை வண்டிக்கும் திரும்புக என்று பாடமாட்டோம். ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், உழைப்பவன் வீட்டில் விளக்கெரிய வேண்டும். அந்த ஆலையின் புகையைத் தடுக்கும் செலவு ஆலையின் கணக்கிலேயே ஏறவேண்டும் என்கிறோம். கந்தகக் கருவிக்குப் பணமில்லை என்பவன் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கவில்லை. அதை மருத்துவமனைச் சீட்டாக மாற்றி ஏழையின் வீட்டுக்கு அனுப்புகிறான்!

இளைஞர்களே! ஒவ்வொரு புகைபோக்கியின் அளவையும் மக்கள் காணும் பலகையில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மருத்துவமனையில் இரைப்புநோயாளர் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள்; அந்தக் கணக்குதான் யோக்கைச்சியில் ஆறு பெரும் நிறுவனங்களைத் தலைகுனிய வைத்தது. அளித்த விலக்கைத் திரும்பப் பெறுமாறு ஆட்சியாளரைக் கேளுங்கள். உழவனுக்குக் கருவியும், அடுப்பங்கரைக்குப் புகையில்லா எரிபொருளும் உரிமையாகக் கேளுங்கள். ‘வளர்ச்சியின் விலை’ என்று எவரேனும் மேடையில் முழங்கினால், எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விலை என்கிறீரே ஐயா, கொடுப்பது யார், கொள்வது யார்?