நூல் மூட்டைக்கு இன்சூரன்ஸ், ஆளுக்கு?

லூதியானா வந்து இது மூன்றாவது குளிர்காலம். இட்லி மாவு புளிக்க இரண்டு நாள் ஆகிறது என்பதைத் தவிர ஊரைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இல்லை. இன்றைய புலம்பல் வேறு.

எங்கள் கிளையில் ஸ்வெட்டர் பின்னும் சின்ன யூனிட்டுகள் நிறைய. அதில் ஒருவர், எட்டு ஆட்கள் வைத்து நடத்துபவர், ஒரு நாள் ராத்திரி போன் செய்தார். தையல்காரப் பையனுக்கு அப்பெண்டிக்ஸ், ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கிறார்கள், சி.சி. லிமிட் முழுக்கத் தீர்ந்துவிட்டது, 70,000 கூடுதலாக எடுக்க விட முடியுமா என்றார். காலையில் என் அதிகாரத்துக்குள் கொடுத்தேன். பையன் பிழைத்தான். கடனைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். நாலாவது மாதம் பீகாருக்குப் போனவன் திரும்பவில்லை. முதலாளி திட்டக்கூட இல்லை. "அவன் என்ன செய்வான், மேனேஜர் சாப்" என்றார்.

கருத்தரங்கம் போட்டுப் பேசுகிறவர்கள் எப்போதும் சொல்வது, "சின்ன முதலாளிகளுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று. சும்மா கதை. இவருக்கு விழிப்புணர்வு 70,000 ரூபாய்க்கு வந்துவிட்டது. 2025 தீபாவளி முடிந்ததும் குரூப் பாலிசிக்கு அவரே கொட்டேஷன் வாங்கி வந்தார். எட்டுப் பேருக்கு 32,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 5,760.

"இந்த வரியை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாமா?"

"முடியாது."

"நூல் ஸ்டாக்குக்கு எடுத்த ஃபயர் பாலிசி வரியைக் கழித்தேனே?"

எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஸ்டாக் இன்சூரன்ஸ் தொழில் செலவு, அதற்கு இன்புட் கிரெடிட் உண்டு. ஆளுக்கு எடுக்கும் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு, வேறு சட்டம் கட்டாயப்படுத்தினால் தவிர, கிடையாது. இதற்கு மேல் ஒரு கூத்து. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. அறவே இல்லை என்றார்கள். நல்லது, கை தட்டினோம். முதலாளி எடுக்கும் குரூப் பாலிசிக்கு மட்டும் 18 சதவீதம் அப்படியே நின்றது. தனக்கு எடுத்தால் வரி இல்லையாம், வேலைக்காரனுக்கும் சேர்த்து எடுத்தால் வரியாம்!

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். அது பத்துப் பேராவது இருந்தால்தான் கட்டாயம். முதலாளி 3.25, தொழிலாளி 0.75 சதவீதம். பேரேட்டில் ஒன்பதோடு ஆளை நிறுத்திக்கொள்ளும் கணக்கு எனக்கும் தெரியும் (நான் பி.காம். ஐயா!). அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நிஜமாகவே எட்டுப் பேரோடு நடத்துகிறவன் எங்கே போவான்? ஏழைகளுக்கு ஆயுஷ்மான் பாரத், பெரிய கம்பெனிக்காரர்களுக்கு கம்பெனி பாலிசி. இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர்கள் சுமார் 40 கோடி என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதியது.

இப்போது எல்லோரும் 'பீமா சுகம்' என்கிறார்கள். எல்லா கம்பெனி பாலிசியும் ஒரே இடத்தில் கிடைக்கும் மின்னணுச் சந்தை. இதற்கான விதிகளை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் வெளியிட்டது. சந்தை திறந்தால் கூட்டம் தானாக வரும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 2010 சட்டத்தின்படி சின்ன முதலாளிகளுக்கென்றே 'ஷாப்' என்று ஒரு சந்தை வைத்தார்கள். 25 பேருக்குக் குறைவாக, சுமாரான சம்பளத்தில் ஆள் வைத்திருந்தால் பிரீமியத்தில் பாதி வரை வரிச்சலுகை. ஆனால் இரண்டே வருஷத்துக்கு. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2018-லிருந்து மத்திய அரசின் தளத்தில் ஆன்லைன் சேர்க்கையை நிறுத்தி, புரோக்கரிடமோ இன்சூரன்ஸ் கம்பெனியிடமோ போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷச் சலுகையை நம்பி எந்தக் கடைக்காரனும் நிரந்தரச் செலவை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டான். இது வெள்ளைக்காரனுக்கும் பொருந்தும், சர்தார்ஜிக்கும் பொருந்தும்.

என் கோரிக்கைகள் இவ்வளவுதான். ஒன்று, ஐம்பது பேருக்குக் கீழான குரூப் பாலிசிக்கும் ஜி.எஸ்.டி.யை எடுங்கள். இரண்டு, பிரீமியத்தை மாதாமாதம் வாங்குங்கள். சீசனில் ஆள் கூடும், சீசன் முடிந்தால் குறையும். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டு என்றால் ஓடத்தான் செய்வான். மூன்று, முதலாளி ஆளுக்கு இவ்வளவு என்று போடட்டும், திட்டத்தைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கட்டும். அவன் வேலை மாறினால் பாலிசியும் கூடவே போகட்டும்.

நான்காவது எங்களுக்கு. லிமிட் புதுப்பிக்கும்போது ஸ்டாக் பாலிசி நகல் இல்லாமல் ஃபைலை நகர்த்த மாட்டோம். ஆட்களுக்கு என்ன பாலிசி என்று ஒரு வரி கேட்டிருக்கிறோமா? மார்ச் மாதம் டார்கெட் முடிக்க, வந்த வாடிக்கையாளர் தலையில் எதையாவது கட்டத் தெரிகிறது. இருபது வருஷ சர்வீஸில் நானும் கேட்டதில்லை.

அந்தப் பையன் இருந்த நாற்காலியில் இப்போது வேறு பையன். நூல் மூட்டைகளுக்குப் பாலிசி இருக்கிறது. பையனுக்கு இன்னும் இல்லை. கொட்டேஷன் முதலாளியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. அடுத்த புதுப்பித்தலில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கப் போகிறேன்.