குடியை விட நினைப்பவன் எங்கே போவான்?

மதுக்கடைகளை மூடு என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். 2003-ம் வருஷம் நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் மூலம் சர்க்காரே நடத்தி வருகிறது. 2023-24-ல் மட்டும் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த வருமானத்தை விட மனமில்லாத சர்க்கார்கள், 2016-ல் 500 கடை, 2017-ல் 500 கடை, 2023-ல் 500 கடை என்று தவணை முறையில் மூடிக் காட்டின. குடிப்பவன் அடுத்த தெருக் கடைக்கு நடந்தான். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கேள்வி. எல்லாக் கடைகளும் மூடப்படுகிற நாள் வரும்வரை, இன்றைக்கே குடியை விட்டொழிக்கவேண்டும் என்று தவிக்கிறானே ஒரு தொழிலாளி, அவன் எங்கே போவான்? அவனுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

பெரும்பாலும் புத்திமதிதான். “பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்” என்கிறோம். அவன் நினைக்காமலா இருக்கிறான்? பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறான். மலைக்கு மாலை போடுகிறான். நாற்பத்தெட்டு நாள் தாங்குகிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் பழையபடி கடை வாசலில் நிற்கிறான். உடனே “திருந்தாத ஜன்மம்” என்று முத்திரை குத்திவிடுகிறோம். மனோபலம் இல்லாதவன் என்று பேசுவது சுலபம். அமெரிக்க மருத்துவ சங்கமே 1956-ல் இது டாக்டர்கள் வைத்தியம் செய்யவேண்டிய நோய் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் தெருக்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நோயாளிக்கு மருந்தோடு கூடத் துணையும் வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியால் சீரழிந்த இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பில் வில்சன் என்ற பங்குமார்க்கெட் ஆசாமி. மற்றவர் பாப் ஸ்மித் என்ற சர்ஜன். ஒரு குடிநோயாளியின் பேச்சு இன்னொரு குடிநோயாளியின் காதில் ஏறுகிறது, உபதேசியின் பேச்சு ஏறுவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1957-ல் அது பம்பாயில் வேர்விட்டது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

கூட்டம் என்றதும் மேடை, மைக், மாலை மரியாதை என்று எண்ணவேண்டாம். ஒரு பள்ளிக்கூட அறை அல்லது மாதா கோயில் ஹால். சில நாற்காலிகள். ஒருவர் தம் பேரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பித்துத் தம் கதையைச் சொல்லுவார். மற்றவர்கள் கேட்பார்கள். முழுப் பேரும் விலாசமும் யாரும் கேட்பதில்லை. சந்தா கிடையாது. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே அங்கத்தினராகத் தகுதி. முதல் தடவை வருகிறவன் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆயுள் முழுதும் தொடமாட்டேன் என்று சபதம் செய்யச் சொல்லுவதில்லை; இன்று ஒரு நாள் தொடாமல் இருப்போம், நாளையை நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள்.

நம்மில் சிலர் முகம் சுளிப்பார்கள். “அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் பேர் வருகிறதே?” வருகிறது, வாஸ்தவம். அவரவர் புரிந்துகொண்டபடி என்றும் கூடவே எழுதியிருக்கிறது. தெய்வ நம்பிக்கை இல்லாதவனை வாசலில் யாரும் தடுப்பதில்லை. காக்ரேன் ஆய்வுக் குழு 2020-ல், பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த 27 ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்து, குடியை அறவே நிறுத்துவதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று கூறியது. கிணற்றில் விழுந்தவன் கயிறு போடுகிறவனின் கட்சியையா விசாரிப்பான்? மதுக்கடைப் பிரச்சினையில் ஏ.ஏ. அபிப்பிராயமே சொல்லாது, அது அவர்கள் விதி. அதைச் சொல்ல நாம் இருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை அவசியம். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவன் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பொய்த்தோற்றம் எல்லாம் இரண்டு மூன்று நாட்களில் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் விசாரித்தால் பக்கத்துக் கூட்டம் எங்கே, என்று நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். 14446 என்ற இலவச டெலிபோன் எண்ணிலும் வழி கேட்கலாம். தமிழில் நடக்கிற கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் வரக்கூடிய கூட்டம், நோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு மனைவியோ அண்ணன் தம்பியோ கூடப் போகலாம். அடிபட்டு நொந்துபோன குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தோன்றிய அல்-அனான் குழுக்கள் தனியாக இருக்கின்றன.

ஷிப்டு வேலைக்காரனுக்கு மாலைக் கூட்டம் பாதி நாள் கிட்டாது. எட்டவும் முடியாத தூரத்தில் கூட்டம் இருந்தால் பஸ் சார்ஜுக்கே கூலி போய்விடும். நம் தொழிற்சங்க ஆபீஸ்களில் ஞாயிறு காலையில் பூட்டிக் கிடக்கிற அறை ஒன்றாவது இல்லையா? பக்கத்து ஏ.ஏ. குழுவினரைப் பார்த்து, அதைத் தருகிறோம் என்று சொல்லுங்கள். இனாமாக வேண்டாம், வெளியார் உதவி எங்கள் விதிக்கு ஒத்துவராது என்பார்கள். ஒரு சிறு வாடகை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.