கோயில் கம்ப்யூட்டர் சாவி யார் கையில்?



ஜூரோங் வட்டாரத்தில் ஒரு கோயிலில் வார இறுதியில் தொண்டு செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் பதிவு இது. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். கோபப்படாமல் கடைசி வரை படிங்க.

அர்ச்சனைச் சீட்டு கவுண்ட்டர் கம்ப்யூட்டரில் யார் யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு போன மாதம் பார்த்தோம். மொத்தம் நான்கு பயனர் கணக்குகள். நான்குமே 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. அதில் ஒன்று, எப்போதோ ஊருக்குத் திரும்பிவிட்ட ஒரு தொண்டூழியருடையது. பாஸ்வேர்ட் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

கூட்டத்தில் சொன்னோம். வந்த பதில்: "எல்லாரும் முருகன் பிள்ளைங்க. யாரைச் சந்தேகப்படுறீங்க?"

யாரையும் இல்லை சார். உண்டியல் எண்ணும்போது ஒருத்தரைத் தனியா உட்கார வைக்கிறோமா? அது சந்தேகமா, முறையா? கருவறைக்குள் எல்லாரும் போறதில்லையே, அதற்காக யாராவது கோவிச்சுக்கிட்டோமா?

அட்மின் உரிமை என்றால் புது மென்பொருள் போடலாம், வைரஸ் தடுப்பை நிறுத்தலாம், மற்றவர் கணக்கையும் திறக்கலாம். முக்கியமான விஷயம்: அந்தக் கணக்கில் உட்கார்ந்து தவறான இணைப்பைத் தட்டினால், உள்ளே வரும் கெட்ட நிரலுக்கும் அதே உரிமை எளிதில் கிடைத்துவிடும். நம்ம தொண்டூழியர் தங்கமான மனுஷர்தான். ஆனால் நல்ல மனசு வைரஸைத் தடுக்காது.

2018-ல் சிங்ஹெல்த்தில் நடந்தது மறந்துபோச்சா? 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் போனது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங் விவரமும் அதில் உண்டு. விசாரணையில் என்ன தெரியவந்தது? ஓர் அட்மின் கணக்கின் பாஸ்வேர்ட், 'பாஸ்வேர்ட்' என்ற அதே ஆங்கிலச் சொல்தான். ஓர் எழுத்துக்குப் பதில் ஒரு குறி, இன்னொன்றுக்குப் பதில் பூஜ்யம், அவ்வளவுதான். அட்மின் கணக்குகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தணும் என்று 2019 ஜனவரியில் வந்த விசாரணைக் குழு அறிக்கை சொன்னது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்த நிலைமை என்றால், நம்ம கவுண்ட்டர் எம்மாத்திரம்?

"சரி, ஒருத்தர் கையில் மட்டும் கொடுத்துடலாம்" என்பார்கள். அதுவும் தப்பு. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் நகை விவகாரம் நமக்கெல்லாம் தெரியும். பெட்டகச் சாவி ஒருவர் பொறுப்பில் இருந்தது. 2016 முதல் 2020 வரை நகைகள் அடகுக்கடைக்குப் போய்வந்தன. 2020 தணிக்கையில்தான் வெளியே தெரிந்தது. 2023-ல் அவருக்கு ஆறு ஆண்டு சிறை. எல்லார் கையிலும் சாவி இருப்பதும் ஆபத்து, ஒருவரே வைத்துக்கொண்டு யாரும் பார்க்காமல் இருப்பதும் ஆபத்து.

நீங்களே பார்க்கலாம், இரண்டு நிமிஷம் போதும்:

👉 விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'யுவர் இன்ஃபோ' போங்க. உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

👉 'கன்ட்ரோல் பேனல்', 'யூசர் அக்கவுண்ட்ஸ்', 'மேனேஜ் அனதர் அக்கவுண்ட்' போனால் எல்லாக் கணக்கும் தெரியும்.

👉 புது மென்பொருள் போடும்போது 'யெஸ், நோ' மட்டும் கேட்டால் பொதுவாக நீங்கள் அட்மின். வேறொருவர் பாஸ்வேர்ட் கேட்டால் சாதாரணக் கணக்கு.

சாதாரணக் கணக்கு எல்லாத் திருட்டையும் தடுக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கவுண்ட்டரில் திறக்க முடிகிற பட்டியலை அப்போதும் திருடலாம். ஆனால் ஒரு தவறு மொத்தக் கம்ப்யூட்டரையும் கவிழ்க்காது.

நாங்கள் கேட்பது மூன்றுதான். சீட்டு போடுபவருக்குச் சாதாரணக் கணக்கு. அட்மின் கணக்கு தனியாக, இரண்டு பேர் பொறுப்பில். விலகிப் போனவர் கணக்கை அன்றைக்கே நீக்கணும். பத்து வெள்ளி செலவு கூடக் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது உங்கள் பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண், வீட்டு முகவரி, உங்கள் பிள்ளைகள் பெயர். சுவாமியிடம் சொல்லி வேண்டிக்கொள்ளத்தான் அதையெல்லாம் கொடுத்தீங்க. அதைக் காப்பதும் திருப்பணிதான். சட்டப்படியும் அது நம் கடமை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோயிலுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை அர்ச்சனைக்கு வரும்போது உங்கள் கோயில் நிர்வாகத்திடம் மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம கம்ப்யூட்டர்ல அட்மின் யாருங்க?"

பதில் சொல்லத் தெரியலைன்னா, அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கணும்.

வேலும் மயிலும் துணை 🙏 சரி என்று பட்டால் பகிருங்கள்.