சீவல் அனுமதியும் குடிகுறித்த அச்சமும்

பனையிற் சீவுவதற்கு வழங்கப்படும் அனுமதிப்பத்திரத்தின் விதிகளைக் காலத்துக்கேற்பத் திருத்தியமைக்க வேண்டும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் எழும்போதெல்லாம், அப்பேச்சை முளையிலேயே கிள்ளிவிடுவதற்கென்று ஒரு வாதம் ஆயத்தமாக நிற்பதைக் காண்கிறோம். இவ்விதிகள் மதுவைக் கட்டுப்படுத்துவதற்காக முன்னோர் இட்ட வேலி என்றும், அவ்வேலியை எவ்விடத்தில் அசைத்தாலும் ஊர் குடியில் அமிழ்ந்துவிடும் என்றும், மரமேறுவதற்குக் கைப்பழக்கமே போதுமாகையால் அதற்கு வேறு தகைமையோ சான்றோ வேண்டியதில்லை என்றும், எப்படியும் இத்தொழில் இன்னும் ஒரு தலைமுறையில் தானே ஒழிந்துபோகும் என்றும் சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவர்கள்; குடியினாற் சிதைந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர்கள். ஆகையால் அவர்களுடைய அபிப்பிராயத்தைப் பரிகசித்துத் தள்ளிவிடாமல், எடுத்துவைத்து விசாரிப்பதே முறை.

முதலிலே, இவ்விதிகள் குடியைத் தடுக்கப் பிறந்தவை என்னும் கூற்று. நம் நாட்டில் இன்றும் அடிப்படையாக இருந்துவருவது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டுப் பணந்திரட்டிய வழக்கத்தை ஆங்கிலேயரும் கைவிடாது நடத்திவந்து, அதனை ஒழுங்குபடுத்தும் பொருட்டு அச்சட்டத்தை ஆக்கினார்கள். சாராயக் கடையினின்றும் கள்ளுக்கடையைப் பிரித்துத் தனித் தவறணைகளைப் பெருந்தொகையாகத் திறக்க அவர்கள் முற்பட்டபொழுது, அப்புதிய மதுவரித் திட்டத்துக்கு எதிராகவே தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கொந்தளித்தெழுந்தது, எப். ஆர். சேனாநாயக்கா, டி. எஸ். சேனாநாயக்கா முதலியோர் பொதுவாழ்விற் பெயர்பெற்றதும் அவ்வியக்கத்திலேதான். அன்றைய மதுவிலக்குவாதிகள் எதனைக் கண்டித்துக் கூட்டங் கூட்டினார்களோ, அதனையே இன்றைய மதுவிலக்குவாதிகள் மதுவிலக்கின் பெயரால் காத்து நிற்கிறார்கள் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

பிற்காலத்துப் பிரமாணமும் இதற்கு உண்டு. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பிரித்து, மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்ட வருமான வழிகளை வாசிப்பவர்கள், பந்தய வரிக்கும் மோட்டார் வாகன அனுமதிக் கட்டணத்துக்கும் அயலிலே சாராய, கள்ளுக் குத்தகைகளும் சீவல் அனுமதிக் கட்டணமும் நிரைப்படுத்தப்பட்டிருப்பதைக் காண்பார்கள். சுகாதாரத்தின் கீழுமன்று, ஒழுக்கத்தின் கீழுமன்று, தொழிலாளர் நலத்தின் கீழுமன்று, வருமானத்தின் கீழே! மரத்துக்கு இவ்வளவென்று அறவிட்ட மரவரியும் அத்தகையதே. வரி கட்டினவன் மரத்தடியில் வைத்து விற்கலாம், கட்டாதவன் குற்றவாளி, குடித்தவன் எத்தனை பிளா குடித்தான் என்று கேட்பாரில்லை.

சட்டத்தின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னும் துலக்கமான சாட்சி, அச்சட்டம் கள்ளுக்குக் கூறும் வரைவிலக்கணம். பனை, தென்னை, கித்துள் முதலிய மரங்களினின்று இறக்கப்படும் சாறு புளித்திருந்தாலும் புளிக்காதிருந்தாலும் அது கள்ளே என்று சட்டம் சொல்லுகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளியாது, கருப்பநீராகவே இறங்கும் என்பதும், அக்கருப்பநீரைக் காய்ச்சியே பனங்கட்டி வார்க்கிறார்கள் என்பதும் நம் வீடுகளிற் சிறுபிள்ளைகளும் அறிந்த விஷயங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் பனங்கட்டிக்காக மரமேறுகிறவனும், தவறணைக்குக் கள்ளு வார்ப்பவனும் சட்டத்தின் முன்னே ஒரே வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. விலக்கு வேண்டுமானால் அஃது அரசாங்கம் அறிவித்தல் மூலம் அளிக்கும் தயவே ஒழியத் தொழிலாளியின் உரிமையன்று. குடியைக் குறைப்பதே நோக்கமாயிருந்தால், போதையில்லாத நீரை இறக்குகிறவனுக்கு வழியைத் திறந்துவிட்டு, போதையுள்ளதை விற்கிறவனிடத்திலன்றோ கெடுபிடி செய்திருக்க வேண்டும்?

இனி, விதியைத் தளர்த்தினாற் குடி பெருகும் என்னும் இரண்டாவது ஆட்சேபம். இதற்குப் பக்கத்து நாட்டிலே பிரத்தியட்சமான ஒரு பரீட்சை நடந்தேறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 தை மாதத்திலிருந்து கள்ளிறக்குவதும் விற்பதும் அறவே தடுக்கப்பட்டிருக்கின்றன. சீவலுக்கு இதனைவிடக் கடுமையான விதி வேறொன்று இருக்க முடியாது. அதனால் அங்கே குடி அற்றுப்போயிற்றா? 1983இல் தொடங்கப்பெற்ற அரசாங்க வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே ஏற்று நடத்தி, கள்ளினும் பன்மடங்கு காரமான மதுவகைகளை வீதிதோறும் விற்கிறது. பனையேறி கத்தியைக் கீழே வைத்தான். குடிகாரன் போத்தலைக் கீழே வைக்கவில்லை.

கள்ளிற் போதை இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலே மதுசாரம் அதில் உண்டு. சாராயத்தில் முப்பதுக்கு மேல் உண்டு. கசிப்பில் என்ன உண்டு என்பதைக் காய்ச்சினவனும் அறியான். பாடசாலைக்கு அயலிலே தவறணை வேண்டாம் என்றால் நானும் கையொப்பமிடுவேன். ஆனால், அது விற்பனைக்கு இடும் விதி. இறக்குவதற்கு இடும் விதி வேறு, விற்பதற்கு இடும் விதி வேறு என்பதைப் பிரித்துணராமையே இவ்விவாதத்திலுள்ள குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பனை விதி எவ்வளவு இறுக்கமாயிருந்தாலும், சீவுகின்ற மனிதனுக்குரிய விதியைத் திருத்துவதற்கு அஃது ஒரு தடையாகாது.

அம்மனிதனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். மரமேறுவதற்குக் கைப்பழக்கம் போதும் என்று சாய்மனைக் கதிரையில் இருந்து சொல்லுகிறவர்கள், பாளை தள்ளும் பருவத்தில் ஒருநாள் விடியற்காலையில் கொழும்புத்துறைக் கடற்கரைப் பக்கம் வந்து நிற்க வேண்டுமென விரும்புகிறேன். காலிலே தளைநாரை மாட்டி, இடுப்பிலே பாளைக்கத்தி செருகிய கூட்டையும் முட்டியையும் தொங்கவிட்டுக்கொண்டு, ஐம்பதடி அறுபதடி உயர்ந்த பனையைத் தழுவித் தழுவி ஏறுகிற ஒருவர், வட்டுக்குள்ளே ஏறிக் கருக்குமட்டைகளுக்கிடையில் இடம்பிடித்து உட்கார்ந்த பின்னரே அவருடைய வித்தை தொடங்குகிறது. ஆண்பனையின் பாளையையும் பெண்பனையின் பாளையையும் ஒரே விதமாகப் பதப்படுத்தலாகாது. தட்டுவது, நசிப்பது, கட்டுவது ஒவ்வொன்றுக்கும் அளவுண்டு. அளவு தப்பினால் பாளை சாறு கொடாது வாடிவிடும். பதமான பாளையின் நுனியைக் காலையும் மாலையும் கடதாசிக் கனத்துக்கே சீவ வேண்டும். கூடச் சீவினாற் பாளை விரைவில் முடியும். குறையச் சீவினால் ஊற்று அடைபடும். இவ்வளவையும் கடலிலிருந்து வீசும் காற்றில் மரம் ஆடும்பொழுது ஒருகையாற் செய்ய வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்குச் சீவ வருகிற முதியவர் ஒருவரிடம், ஏறுவதில் எது கஷ்டமென்று ஒருமுறை கேட்டேன். "ஏறிறது கஷ்டமில்லை மாஸ்ரர். மழை நனைச்ச மரத்திலை இறங்கிறதுதான். காலுக்குத் தேட வேணும், கண்ணுக்குத் தெரியாது" என்றார். அவருடைய முழங்காலிலும் மார்பிலும் மரம் உராய்ந்து உராய்ந்து தோல் காய்த்துக் கறுத்திருந்தது. இத்தகைய வேலையைத் தகைமை வேண்டாத வேலை என்று சொல்லுவது அறியாமை என்பதற்கு மேலாக, அநியாயமுமாகும். மின்னிணைப்பு வேலை செய்பவரும் வாகனம் ஓட்டுபவரும் தம் திறமையைக் காட்டி அத்தாட்சி பெற வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ளுகிறோம். தவறினால் உயிர்போகும் என்பதே அதற்குக் காரணம். அதே காரணம் பனைக்கும் பொருந்தும். பொருந்தியும், நமது மதுவரிச் சட்டத்தின் கவனம் முட்டியில் என்ன இருக்கிறது, அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. மரத்திலிருந்து விழுபவனுடைய முதுகெலும்பு அதன் கணக்கில் வருவதில்லை.

மற்றைய இடங்களில் இக்கணக்கைத் திருத்த முயன்றிருக்கிறார்கள். கேரளத்தில் கள்ளுத் தொழிலாளருக்கென்று சேமநிதிச் சட்டம் 1969இலேயே இயற்றப்பட்டது. தெலங்கானாவில் 2024இல் அரசாங்கம் மரமேறுவோருக்குப் பாதுகாப்புக் கயிறும் பட்டியும் அடங்கிய தொகுதிகளை வழங்கத் தொடங்கியது. நம்மவர்கள் பெற்ற பெரிய சீர்திருத்தம் 1972இல் வந்தது. தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழிலாளரை விடுவித்துப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்லுகிறவன் அல்லேன். சீவுகிறவன் தன் கள்ளுக்குத் தானே விலை பேசக் கற்றது அப்பொழுதுதான். ஆயினும், கூட்டுறவு இருக்கிறதே, இனி என்ன திருத்தம் வேண்டும் என்று கேட்பது பொருந்தாது. சங்கம் சந்தையைச் சீர்செய்தது. அனுமதியின் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

தொழில் தானே ஒழியும் என்கிற கூற்றுக்கு வருவோம். இது பார்வைக்கு உண்மைபோலத் தோன்றுவது. பிள்ளைகள் பனையை விட்டுக் கொழும்புக்கும் கனடாவுக்கும் போகிறார்கள், போருக்குத் தறித்த மரங்கள் போக மிஞ்சியவற்றில் ஏற ஆளில்லை என்பது மெய். ஆனால், ஏன் போகிறார்கள்? வருமானம் ஒரு காரணம். சொல்லக் கூசுகின்ற மற்றக் காரணம், இத்தொழிலை நாம் பிறப்போடு கட்டி வைத்தது. இன்னாருடைய மகன் ஏறுவான் என்று ஊர் தீர்மானித்த தொழிலிலிருந்து அந்த மகன் தப்பியோடுவதை யார் குறைசொல்ல முடியும்? தகைமையை அடிப்படையாகக் கொண்ட அனுமதி வந்தால், கற்றுத் தேர்ந்த எவரும் ஏறலாம், ஏறுகிறவர் தம் கையிலுள்ள அத்தாட்சியால் அறியப்படுவார். ஏழு படிகளாக அமைந்த தேசியத் தொழிற் தகைமை முறைமை நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அனுபவத்தால் கற்றவர்களைப் பாடசாலைக்கு அனுப்பாமலே மதிப்பிட்டு ஏற்கும் ஏற்பாடும் அதில் உண்டு. தொழில் ஒழியட்டும் என்பவர்கள் பெரும்பாலும் ஒழிய வேண்டும் என்று விரும்புவது தொழிலையன்று, அதன்மேல் நாம் ஏற்றிய இழிவையே. அவ்விழிவு ஒழிவதற்குத் தொழிலைக் கொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கத்திலிருந்து ஒரு பயமும் எழும். அதற்கு எதிர்த்தரப்பாரின் வாதங்களிலும் அதிக நியாயம் உண்டு. புதிய விதி, புதிய பரீட்சை, புதிய படிவம் என்று வந்தால், நாற்பது வருஷம் சீவின முதியவர் எழுத்துப் பரீட்சையில் தவறித் தொழிலை இழப்பாரே என்பது அப்பயம். இது வெறும் கற்பனையன்று. தகைமை என்ற பேரால் ஏழைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திய சட்டங்கள் உலகெங்கும் உண்டு. ஆனால், அதற்கு மாற்றுவழி நம் சட்டங்களிலேயே காட்டப்பட்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவுசெய்தபொழுது, கல்லூரி வாசல் மிதித்தவர்களோடு நின்றுவிடாமல், பரம்பரையாகக் கற்ற சித்த வைத்தியர்களுக்கும், முறிவு நெரிவு, விஷகடி போன்ற தனித்துறைகளில் மட்டும் கைதேர்ந்தவர்களுக்கும் இடம்வைத்தது. அவ்வாறே சீவலுக்கும் பரீட்சை மரத்தடியில் நடக்கட்டும். பரீட்சகர் குழுவில் பாதிப்பேர் சீவுகிறவர்களாகவே இருக்கட்டும். இப்பொழுது அனுமதி வைத்திருப்பவர்கள் எவ்விதச் சோதனையுமின்றிப் பதிவு பெறட்டும். புதிதாக வருகிறவர்களுக்கே பயிற்சி கட்டாயமாகட்டும்.

வேண்டப்படும் திருத்தம் பெரிதன்று. சுண்ணாம்பு முட்டியில் இறக்கும் கருப்பநீரைக் கள்ளின் வரைவிலக்கணத்தினின்று நீக்குதல். சீவல் அனுமதியை மரத்தின் பேரில் அல்லாமல் மனிதன் பேரில் வழங்கி, அதனோடு விபத்துக் காப்புறுதியையும் பாதுகாப்புப் பட்டியையும் சேர்த்தல். அறவிடும் கட்டணத்தை மாகாணத்தின் பொது வருமானத்திற் கரைக்காமல் அக்காப்புறுதிக்கே ஒதுக்குதல். விற்பனை விதிகளை இதிற் கலவாமல் இப்போதுள்ளபடியோ இன்னும் இறுக்கமாகவோ தனியே வைத்தல். இவற்றுள் முதலாவதற்குப் பாராளுமன்றம் வேண்டும். கட்டணத்தைப் பற்றியதோ பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணத்தின் கையிலேயே இருக்கிறது. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது என்பது அதனைத் தள்ளிப்போடுவதற்குப் போதிய காரணமாகாது. சபையில்லாத காலத்திலும் கட்டணம் அறவிடப்படாமல் இல்லை.

ஆகவே, மாகாண நிர்வாகத்தாரும், மதுவரித் திணைக்களத்தாரும், பனை அபிவிருத்திச் சபையாரும், அடுத்த பருவத்துக்குப் பாளை தள்ளுவதற்கு முன்னரே ஒருநாள் ஒன்றுகூடி இதனைப் பேச வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அக்கூட்டத்தில் முதலிற் பேசும் உரிமையை மதுவிலக்குச் சங்கத்தாருக்கும் எம்போன்ற எழுத்துக்காரருக்கும் கொடாமல், கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வருகிற சீவல் தொழிலாளருக்குக் கொடுக்க வேண்டும்.